வான்கோழிக்குக் காது கொடுத்த கதை

ஏப்ரல் மாசம் வந்தா எங்க டீம்ல ஒருத்தர் ஆளே மாறிடுவாரு. அறுபதை நெருங்குற வயசு. மெயின்ஃப்ரேம் காலத்து ஆளு. புரொடக்‌ஷன்ல தீப்பிடிச்சு எரிஞ்சாலும் கையில இருக்கிற காபியைக் குடிச்சு முடிச்சுட்டுதான் வந்து பாப்பாரு. ஆனா ஏப்ரல் மூணாவது வாரத்துலேர்ந்து மூணு வாரத்துக்கு, காலை மீட்டிங் எதுலயும் மனுஷன் சிக்க மாட்டாரு. "மதியம் வர்றேன்"னு ஒத்தை வரி மெயில் வரும், அவ்ளோதான். மேனேஜரும் கண்டுக்க மாட்டாரு.

நான் மிசௌரி மாநிலத்துக்கு, செயின்ட் லூயிஸுக்கு வந்த முதல் வருஷம், பாவம் ஏதோ ஆஸ்பத்திரி விஷயம் போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அண்ணாத்தே வான்கோழி வேட்டைக்குப் போறாருன்னு!

இந்த வருஷம் மார்ச் மாசம் ஒரு நாள் லன்ச்ல பக்கத்துல வந்து உக்காந்தாரு. "உனக்குக் காது நல்லா கேக்குமா?"ன்னாரு. ஙேன்னு முழிச்சேன். (அப்ரைசல் நேரத்துல இப்படிக் கேட்டா யாருக்குத்தான் பயம் வராது :-))

விஷயம் இதுதான். ஓசார்க் மலைப் பக்கம் அவரு முப்பது வருஷமா போற ஒரு மேடு இருக்கு. வசந்த காலத்துல விடியறதுக்கு முன்னாடி அங்க போய் நின்னா, ஏழெட்டு வான்கோழிச் சேவல் கத்துறது கேக்குமாம். வருஷா வருஷம் அது குறைஞ்சுக்கிட்டே வந்து, போன வருஷம் மூணு நாள் போயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சாம். இவரோடது நாப்பது வருஷம் துப்பாக்கி வெடி கேட்ட காது. டாக்டர் காதுக்கு மெஷின் வெச்சுக்கச் சொல்லிட்டாரு. "போனது என் காதா, இல்ல பறவையான்னு எனக்குத் தெரியணும். நீ சின்னப் பையன், ஒரு நாள் கூட வந்து எண்ணிச் சொல்லு"ன்னாரு.

சரின்னுட்டேன். (அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப, "ஏண்டா, துப்பாக்கி வெச்சிருக்கிற ஆளோட இருட்டுல காட்டுக்கா போற?"ன்னு ஆரம்பிச்சாங்க. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.)

சனிக்கிழமை அவர் வீட்டு கராஜுக்குப் போனா, சீசனுக்கு வேண்டிய சாமானையெல்லாம் ஒரு நீள மேஜையில பரப்பி வெச்சிருந்தாரு. கல்யாண வீட்டு சீர்வரிசை மாதிரி! ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது. அவரு சொன்னதையும், நான் அப்புறம் தேடிப் படிச்சதையும் சேர்த்து எழுதறேன்.

முதல் சாமான்: ஒரு மரப்பெட்டி

நம்ம ஊர்ல வான்கோழின்னா மயிலைப் பார்த்து ஆடின கதையும், கிறிஸ்துமஸ் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் பண்ணைப் பறவை. காட்டு வான்கோழி வேற ரகம். ராத்திரி உசரமான மரத்துல ஏறித் தூங்கும். நல்லா பறக்கும். மோப்பம் சுமார்தான், ஆனா கண்ணு இருக்கே... தலைக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கறதால கிட்டத்தட்ட சுத்தி நடக்கறது பூராவும் தெரியும். நிறமும் தெரியும். நீங்க மூக்கைச் சொறிஞ்சா போதும், ஆள் எஸ்கேப்.

அதனால இந்த வேட்டையில பறவையைத் தேடிப் போறது கிடையாது. மரத்துல சாஞ்சு அசையாம உக்காந்து, பெட்டை மாதிரி குரல் கொடுத்து, சேவலை நம்மகிட்ட வர வைக்கணும். குரல் கொடுக்கத்தான் அந்தப் பெட்டி. அரையடி நீளத்துக்குக் கொஞ்சம் மேல, மேல ஒரு மூடி. சாக்பீஸ் தடவி மூடியை ஓரத்துல தேய்ச்சா அச்சு அசலா வான்கோழிப் பெட்டையோட குரல்! 1897ல் அர்கன்சா மாநிலத்து ஹென்றி கிப்சன்ங்கறவரு இந்தப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியிருக்காரு. அதுக்கும் ரொம்ப காலம் முன்னாடியே அமெரிக்கப் பழங்குடி மக்கள் வான்கோழியோட இறக்கை எலும்பைக் குழல் மாதிரி சேர்த்து, வாயால உறிஞ்சி இதே சத்தத்தை வரவழைச்சிருக்காங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, இயற்கையில நடக்கறது தலைகீழ். சேவல் கத்தும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரரோ சேவலை பெட்டையைத் தேடி வர வைக்கப் பாக்குறாரு. அதனாலதான் முக்காவாசி நாள் வெறுங்கையோட திரும்புறது.

பத்து வயசுல தாத்தா கொடுத்த பெட்டியாம் அது. "இதைக் கொடுத்தப்ப எங்க கவுண்டியில வான்கோழி ரொம்ப அபூர்வம். தாத்தாவோட வாலிப வயசுல சுத்தமா கிடையாது"ன்னாரு. இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

ஒரு கோடியிலிருந்து...

ஐரோப்பியர்கள் வந்தப்ப வட அமெரிக்காவில் சுமார் 1 கோடி காட்டு வான்கோழி இருந்திருக்கலாம்னு ஒரு மதிப்பீடு உண்டு. 1784ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் மகளுக்கு எழுதின கடிதத்தில், கழுகைவிட வான்கோழி கௌரவமான பறவை, இந்த மண்ணுக்கே உரியதுன்னு புகழ்ந்திருக்காரு. பாதி கிண்டலாத்தான், ஆனா புகழ்ச்சிதான்.

புகழ்ச்சி வயித்துக்கு ஆகுமா? காட்டை வெட்டி வயலாக்கினாங்க. மிச்சக் காட்டுல கட்டுப்பாடே இல்லாம வருஷம் முழுக்கச் சுட்டு, வண்டி வண்டியா சந்தைக்கு அனுப்பினாங்க. கனெக்டிகட் மாநிலத்தில் 1813 வாக்கில் காலி. மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851ல் மவுண்ட் டாம் மலையில் கொல்லப்பட்டது. 1904ல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் கண்டுபிடிச்ச ஒரு பூஞ்சை நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் முன்னூறு நானூறு கோடி செஸ்ட்நட் மரங்களை அழிச்சுது. அதோட கொட்டைதான் கிழக்குக் காடுகளில் வான்கோழிக்குப் பெரிய சாப்பாடு. 1920 வாக்கில், முன்னாடி இருந்த 39 மாநிலங்களில் 18ல் இந்தப் பறவையே கிடையாது.

மிசௌரியும் தப்பிக்கல. ஓசார்க் மலையில இருந்த பைன் காட்டை 1880க்கும் 1920க்கும் நடுவுல மொட்டையடிச்சாங்க. அப்புறம் பன்னியையும் மாட்டையும் அவுத்து விட்டு, புல்லு முளைக்கட்டும்னு வருஷா வருஷம் தீ வெச்சாங்க. தரையில முட்டையிடற பறவைக்கு இதைவிட வேற என்ன கெடுதல் வேணும்? 1930களின் கடைசியில வேட்டையை நிறுத்திட்டாங்க. 1950களின் தொடக்கத்தில் மாநிலம் முழுக்கச் சேர்த்து 2,500 பறவைகூட இல்லை.

பண்ணையில தயார் பண்ணலாமே?

எஞ்சினியர் மூளைக்கு உடனே தோணுற தீர்வு இதுதான். எனக்கும் தோணிச்சு. அந்தக் காலத்து அதிகாரிகளுக்கும் தோணியிருக்கு. வான்கோழிதானே, பண்ணையில வளர்த்துக் காட்டுல விட்டா போச்சு!

விட்டாங்க. மிசௌரியில் 1920களிலிருந்து 1940களின் தொடக்கம் வரை ஆயிரக்கணக்குல விட்டாங்க. பென்சில்வேனியா அரசு 1930ல் ஒரு வான்கோழிப் பண்ணையே ஆரம்பிச்சு 50 வருஷம் நடத்துச்சு. பண்ணைப் பறவை காட்டுல நிலைக்கவே இல்லை.

ஏன்னு மிசௌரியில இருந்தபடி ஆராய்ஞ்சவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். சூழலியல் எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டின் மகன். 1944ல் வெளிவந்த அவரோட கட்டுரை இந்த விஷயத்துல ஒரு மைல்கல். காட்டுப் பறவைக்கும் பண்ணைக் கலப்புப் பறவைக்கும் உள்ள வித்தியாசம் பழக்கத்துல மட்டும் இல்லை, உடம்புலயே இருக்குன்னு காட்டினாரு. காட்டுப் பறவையோட மூளை பெருசு. சில சுரப்பிகளும் பெருசு. தாய் ஆபத்துன்னு குரல் கொடுத்தா காட்டுக் குஞ்சு அந்த இடத்துலயே உறைஞ்சு போய் ஒளிஞ்சுக்கும். கலப்புக் குஞ்சுக்கு அந்தப் புத்தி குறைச்சல். அதாவது, காட்டுத்தனம்ங்கறது ரத்தத்துல வர்றது, அதைப் பண்ணையில தயாரிக்க முடியாது.

இதுல இன்னொரு கூத்து. பண்ணை வான்கோழியோட மூதாதை மெக்சிகோ பறவை. அங்க பழங்குடி மக்கள் வளர்த்ததை 1500களின் தொடக்கத்தில் ஸ்பெயின்காரங்க ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. பின்னால குடியேற வந்தவங்க அதையே அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. (ஐரோப்பாவிலிருந்து கோவா வழியா 1612ல் ஜஹாங்கீர் அரண்மனைக்கும் ஒண்ணு போயிருக்கு. பாதுஷா அசந்து போய் ஓவியர் மன்சூரை வெச்சு வரைய வெச்சாரு. அந்தப் படம் இன்னும் இருக்கு.) நூத்துக்கணக்கான வருஷமா மனுஷன் கையில தின்னு வளர்ந்த வம்சத்தைக் காட்டுல விட்டுட்டு "பொழைச்சுக்கோ"ன்னா எப்படி?

பீரங்கியும் வலையும்

சரி, காட்டுப் பறவையையே பிடிச்சு வேற காட்டுல விடலாம்னா, அதைப் பிடிக்கிறது லேசுப்பட்ட காரியமா? கூண்டு வெச்சாங்க, பெருசா ஒண்ணும் மாட்டல.

1940களின் கடைசியில் நீர்ப்பறவைகளைப் பிடிக்க ஒரு வலை வந்துச்சு. பெரிய வலையை மடிச்சு ஒளிச்சு வெச்சு, சின்னச் சின்ன பீரங்கியில அதைக் கட்டி, பறவை பக்கத்துல வந்ததும் வெடிச்சா வலை பறந்து போய் மேல விழும். 1951ல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் டஃப் ஹோல்புரூக்ங்கறவரு இதை வான்கோழிக்குப் போட்டுப் பாத்தாரு. மக்காச்சோளத்தைத் தூவி, மறைவுல உக்காந்து... டமார்! கூட்டமா மாட்டுச்சு.

அதுக்கப்புறம் கதை மாறிடுச்சு. மிசௌரியில் 1954லிருந்து 1979 வரை, 25 வருஷத்துல, சுமார் 2,600 காட்டுப் பறவைகளை இப்படிப் பிடிச்சு, அட்டைப்பெட்டியில வெச்சு, 87 கவுண்டிகளில் கொண்டு போய் விட்டாங்க. பண்ணைப் பறவை ஆயிரக்கணக்குல செத்து வீணான இடத்துல, இந்த 2,600 வேரூன்றிடுச்சு. மாசசூசெட்ஸில் 1972, 73ல் நியூயார்க்கிலிருந்து கொண்டு வந்து விட்டது வெறும் 37 பறவை. இப்ப அங்க 30,000க்கு மேல. பாஸ்டன் பக்கம் தெருவுல வந்து போஸ்ட்மேனைத் துரத்துற அளவுக்கு!

மாநிலங்கள் பண்டமாற்று வேற பண்ணியிருக்காங்க. மிசௌரி வான்கோழி கொடுத்துச்சு, கென்டக்கி பதிலுக்கு ஆத்து நீர்நாய் கொடுத்துச்சு. மிசௌரியிலும் நீர்நாய் கிட்டத்தட்ட அழிஞ்சு போயிருந்த காலம் அது. ரெண்டு பக்கமும் லாபம்.

1960ல் மிசௌரியில் முதல் வசந்த கால சீசனைத் திறந்தாங்க. மூணே நாள். மொத்தம் சுட்டது 94 பறவை.

ஏன் வசந்தம்? ஒரு சேவல் பல பெட்டையோட சேரும். சேர்க்கை முடிஞ்சு பெட்டைங்க அடைக்கு உக்கார்ற சமயத்துல, சில சேவல் போனாலும் அடுத்த தலைமுறைக்குப் பெருசா பாதகமில்லைங்கறது கணக்கு. அதனால வசந்தத்துல சேவலையோ, நெஞ்சுல தாடி மாதிரி முடி தொங்குற பறவையையோ மட்டும்தான் சுடலாம். கிட்டத்தட்ட எல்லாமே சேவல்.

மேஜையில ஒரு ரசீது

துப்பாக்கிக் குண்டு வாங்கின பில்லை ஏன் மேஜையில வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். "இதுல 11 சதவீதம் அதுங்களுக்குப் போகுது"ன்னு சிரிச்சாரு.

1937ல் ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளர் கட்டற வரி, பொது கஜானாவுல கரைஞ்சு போகாம காட்டுயிருக்குன்னே தனியா போகும். மாநிலம் 25 ரூபா போட்டா மத்திய அரசு 75 ரூபா போடும். ஒரே நிபந்தனை, வேட்டை லைசென்ஸ்ல வர்ற காசை மாநிலம் வேற எதுக்கும் தொடக்கூடாது. பொருளாதாரப் பெருமந்தத்துக்கு நடுவுல இப்படி ஒரு பூட்டு போட்டிருக்காங்க பாருங்க, அதான் ஆச்சரியம். 2022ல் மட்டும் இந்த வழியில மாநிலங்களுக்குப் போனது 100 கோடி டாலருக்கு மேல. (இப்ப விக்கிற துப்பாக்கியில நிறைய வேட்டைக்கு வாங்கறது இல்லைங்கறது கசப்பான தனிக் கதை.)

"அப்ப அழிச்சதும் வேட்டைக்காரங்க, காப்பாத்தினதும் வேட்டைக்காரங்களா?"ன்னேன். "பாதிதான் சரி"ன்னாரு. விவசாயம் கட்டுப்படியாகாம ஜனங்க விட்டுட்டுப் போன நிலத்துல காடு தானா திரும்பி வந்ததும் ஒரு காரணம். அப்புறம், "நீயும்தான் காசு கட்டியிருக்கே"ன்னாரு. நானா?

ஆமாம்! 1976ல் மிசௌரி மக்கள் ஓட்டு போட்டு ஒரு விற்பனை வரியை ஏத்துக்கிட்டாங்க. ஒரு சதவீதத்துல எட்டுல ஒரு பங்கு, காட்டுக்கும் காட்டுயிருக்கும். நான் 100 டாலருக்கு சாமான் வாங்கினா பன்னெண்டரை சென்ட். மூணு வருஷமா நான் வாங்கின சோனா மசூரி மூட்டையோட கணக்கு எங்கேயோ ஒரு வான்கோழி மரத்துல உக்காந்திருக்கு :-)

சட்டையும் கடிகாரமும்

மத்த சாமானும் சொல்லிடறேன். முகம், கை எல்லாம் மறைக்கிற இலை டிசைன் துணி. சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூணு நிறமும் உடம்புல எங்கேயும் தெரியக்கூடாது. சேவலோட தலை நிறம் இதே மூணுதான். தூரத்துல இருக்கிற இன்னொரு வேட்டைக்காரர் உங்க கர்ச்சீப்பைப் பறவைன்னு நினைச்சுட்டா கதை முடிஞ்சுது. நான் அன்னிக்கு சி.எஸ்.கே. மஞ்சள்ல போயிருந்தேன். "இது ஓகே, ஆனா பறவை சிரிக்கும்"னாரு. சாயறதுக்குத் தோளைவிட அகலமான மரமா பாக்கணும், அப்பதான் முதுகுப் பக்கம் பாதுகாப்பு.

40 கஜத்துல காகிதம் மாட்டி, பத்து அங்குல வட்டத்துக்குள்ள எத்தனை குண்டு விழுதுன்னு எண்ணிப் பாத்த தாள்கள் ஒரு கட்டு. குத்துயிரும் குலையுயிருமா பறவை பறந்து போயிடக்கூடாது, அதுக்குத்தான் இந்த டெஸ்டிங். (நம்ம ரிலீஸுக்கு முன்னாடி இவ்ளோ டெஸ்ட் பண்றோமான்னு மனசுல ஒரு உறுத்தல்.)

அப்புறம் கடிகாரம். பொது நிலத்துல மதியம் 1 மணியோட வேட்டை முடிஞ்சுது. அவரு மதியம் ஆபீஸ் வர்ற ரகசியம் இதான்! சீசனுக்கு ரெண்டு பறவைதான். சுட்டா அன்னிக்கே அரசுக்குக் கணக்கு சொல்லணும். இந்தக் கணக்கை வெச்சுத்தான் நிலவரம் தெரியுது. 2004 வசந்தத்தில் மிசௌரியில் சுட்டது 60,000க்கு மேல. 2021ல் சுமார் 35,000. நாடு முழுக்கவும் 2004 வாக்கில் 70 லட்சத்தை நெருங்கின எண்ணிக்கை அப்புறம் சரிஞ்சுது. பொரிக்கிற குஞ்சுல பிழைக்கிறது குறைஞ்சு போச்சு. மழை, பூச்சி, முட்டை திருடற ராக்கூன், காட்டோட தன்மை மாறினதுன்னு பல காரணம் அலசுறாங்க. ஜார்ஜியா 2022லும், டென்னசி 2023லும் சீசனையே தள்ளி ஆரம்பிச்சு, ஆளுக்கு இத்தனைங்கறதையும் குறைச்சுட்டாங்க.

அந்த மேடு

ஏப்ரல் முதல் வாரம். காலை நாலு மணிக்கே கிளம்பி, இருட்டுல நடந்து, அவரோட மேட்டுக்குப் போனோம். துப்பாக்கி கிடையாது, ஆளுக்கொரு பிளாஸ்க். ஒப்பந்தம் என்னன்னா, ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணணும், கடைசி வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. காப்பி அடிக்கக்கூடாதுல்ல!

குளிர்ல பல்லு தந்தியடிச்சுது. கிழக்கே லேசா வெளுத்ததும் அவரு கையைக் குவிச்சு ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தாரு. ஆந்தைச் சத்தம் கேட்டா மரத்துல இருக்கிற சேவல் தன்னை அறியாம பதில் கத்திடுமாம். ஒண்ணும் இல்ல. குருவிங்க ஆரம்பிச்சுதுங்க. மறுபடியும் ஆந்தை.

அப்ப கேட்டுச்சுங்க. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கொளகொளகொளன்னு, யாரோ குடத்துலேர்ந்து தண்ணியைக் கவுத்த மாதிரி. மேல் முடியெல்லாம் நட்டுக்கிச்சு. தாத்தாவோட வாலிப வயசுல இந்த மலை முழுக்க இல்லாத சத்தம் அது. அட்டைப்பெட்டியில ஏறி, லாரியில வந்து இறங்கின ஏதோ ஒரு பறவையோட பேரன் பேத்தி. கொஞ்ச நேரம் கழிச்சு இடது பக்கம் கீழே இன்னொண்ணு. அவ்ளோதான். சூரியன் மேல வர்ற வரைக்கும் நின்னோம்.

"சொல்லு"ன்னாரு. "ரெண்டு"ன்னேன். அவரு ஜாக்கெட் பாக்கெட்லேர்ந்து கையை எடுத்தாரு. ரெண்டு விரல் நீட்டியிருந்துச்சு.

காது நல்லாத்தான் இருக்கு. காது போயிருந்தா பரவாயில்லைன்னு ஒரு மனுஷன் நினைச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன். ரொம்ப நேரம் பேசாம காபி குடிச்சாரு. திரும்பி வர்றப்ப கார்ல, "இந்த வருஷம் இந்த மேட்ல சுடல. இதுங்க ரெண்டும் இருக்கட்டும்"ன்னாரு.

லைசென்ஸ் வாங்கினாரா? வாங்கினாரு. வழக்கம்போல குண்டும் ஒரு டப்பா வாங்கினாரு. சுடப்போறதில்லையே, ஏன்னு கேட்டேன். "பில்லு கட்டணும்ல"ன்னாரு. சீசன் தொடங்கின திங்கட்கிழமை மதியம்தான் ஆபீஸ் வந்தாரு. பூட்ஸ்ல சேறு, கையில ஒண்ணுமில்ல. பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போய் உக்காந்துட்டு வந்தாராம்.

மக்களே, உங்க ஊர்ல சின்ன வயசுல கேட்டு, இப்ப கேக்காம போன பறவைச் சத்தம் எதாவது இருக்கா? போய்த் திரும்பி வந்தது இருந்தா இன்னும் சந்தோஷம். பின்னூட்டத்துல ஊர் பேரோட சொல்லுங்க. ஒரு பட்டியல் போடலாம்.

பி.கு: அம்மாவுக்கு: துப்பாக்கியே எடுத்துட்டுப் போகல. பத்திரமா திரும்பி வந்துட்டேன். சளி மட்டும்தான் பிடிச்சிருக்கு.